கடைசி வழி முதல் வழியாகலாமா?

முளாவும் பவனாவும் கூடும் இடத்தில் இருக்கிறது சாங்வி. ஆற்றங்கரை விவசாயக் கிராமமாக இருந்த அந்த ஊரில் இன்று அடுக்குமாடிகளே கண்ணுக்குத் தெரிகின்றன. 1954-ல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை வந்தது. 1962-ல் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. 1972-ல் பிம்பிரி-சிஞ்ச்வாட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் அமைந்து, சுற்றுப்புற உழவர்களின் நிலங்களைக் கையகப்படுத்தியது. எடுத்ததில் 12.5 சதவீதத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டு, முதலில் நிலம் கொடுத்த குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அலைந்தன.

இந்தத் தொழிற்சாலைகளை நம்பித்தான் புனே வட்டாரத் தமிழர் பலர் பிழைக்கிறார்கள். தொழிலே வேண்டாம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. எந்த நிலத்தில் தொழில் என்பதே கேள்வி.

அதற்கு 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் தெளிவான விடை தந்தது. பல போகம் விளையும் பாசன நிலத்தை எடுக்கக் கூடாது. வேறு வழியே இல்லாதபோது கடைசி வழியாக மட்டும் எடுக்கலாம். அப்படி எடுத்தால், அதே பரப்புள்ள தரிசைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது நிலத்தின் மதிப்புக்கு ஈடான தொகையைக் கட்ட வேண்டும். 2014 டிசம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டத்தின் மூலம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பார்த்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, 2015 ஆகஸ்டில் அது காலாவதியாயிற்று.

தில்லியில் முடியாத காரியம் மாநிலங்களில் ஓசையின்றி முடிந்தது. 2016-ல் குஜராத்தும் 2018-ல் மகாராஷ்டிரமும் தத்தம் திருத்தங்கள் மூலம், தொழில் தாழ்வாரம் போன்ற திட்டங்களுக்கு அந்த அத்தியாயத்திலிருந்தே விலக்குக் கொடுக்க வழி செய்துகொண்டன. சமூகத் தாக்க ஆய்வும் சேர்ந்து போயிற்று. தமிழகம் இன்னும் முந்திக்கொண்டது. தொழில்களுக்காக நிலம் எடுக்கும் தன் சட்டத்தை 2013 சட்டத்தின் பிடியிலிருந்து அது விலக்கிவைத்தது. 2019-ல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும், அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது.

வற்புறுத்தி எடுப்பது ஒரு வழி என்றால், வாங்கி மாற்றுவது இன்னொரு வழி. விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க மகாராஷ்டிரத்தில் நெடுங்காலம் தடை இருந்தது. 1994-ல் தொழிலுக்காக வாங்குவோருக்கு அது தளர்ந்தது. 2014-ல், வளர்ச்சித் திட்டத்துக்கு உட்பட்ட பகுதிகளில் நிலப் பயன்பாட்டை மாற்றத் தனி அனுமதி வேண்டாம் என்றாயிற்று. அனுமதி என்றாலே லஞ்சம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். லஞ்சம் வாங்குவதை யாரும் மறுக்கவில்லை. காவலாளி திருடினால் அவனை மாற்றுவார்களே ஒழிய, கதவைக் கழற்றி வைக்கமாட்டார்கள்.

சாங்விக்கு வரும் இரண்டு ஆறுகளின் மேல்புறத்திலும் உழவர்கள் போராடியிருக்கிறார்கள். முளாவின் மேற்கே டாடா மின் அணைக்கு எதிராக 1921-ல் சேனாபதி பாபட் தலைமையில் முள்ஷி சத்தியாக்கிரகம் நடந்தது. அணை எழுந்தது, வயல்கள் மூழ்கின. பவனா நீரைக் குழாய் வழியே பிம்பிரி-சிஞ்ச்வாட் நகருக்குக் கொண்டுவரும் திட்டத்தை மாவள் விவசாயிகள் எதிர்த்தபோது, 2011 ஆகஸ்ட் 9 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். நிலத்தை விடாதவரும் நீரை இழக்கலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டிற்று.

ஊரில் அரை ஏக்கர் வைத்திருக்கும் தமிழருக்கு இது அயலார் வழக்கல்ல. தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களுக்கு 2020-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் 2023-ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், பெருந்திட்டங்களின் எல்லைக்குள் அகப்படும் ஏரி, ஓடைகளையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022-ல் போராட்டத்தில் இறங்கினர்.

மகாராஷ்டிர அரசு 2018 திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் உள்ள பாசன நிலத்தின் சர்வே எண்களை மராத்தியில் அச்சிட்டுக் கிராமப் பஞ்சாயத்துகளில் ஒட்ட வேண்டும். தமிழக அரசும் டெல்டாவுக்கு வெளியே உள்ள ஏரிப் பாசன ஊர்களுக்கு அதையே செய்யலாம். கோடை விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் மே 1 அன்று கூடும் கிராம சபையில் இந்தப் பட்டியலைக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யட்டும்.