சீற்றம் யாருடையது?

பேரிடர் ஒன்று நிகழ்ந்து முடிந்ததும் நம் நாளேடுகள் தவறாமல் எடுத்தாளும் சொற்றொடர் ஒன்று உண்டு: ‘இயற்கையின் சீற்றம்’. வெள்ளமா, சீற்றம். நிலநடுக்கமா, சீற்றம். அயல்நாட்டுக் கடற்கரையில் பனி கொட்டி ஊர் புதைந்ததா, அதுவும் சீற்றம். சீறுவதற்குச் சினம் வேண்டும். சினப்பதற்கு மனம் வேண்டும். காற்றுக்கும் பனிக்கும் மனம் ஏது? மனமுடையோர் செய்த தவற்றை மனமற்ற ஒன்றின் தலையில் ஏற்றிவிட்டு, கை கழுவிக் கொள்வதற்கே இச்சொல் பெரிதும் பயன்படுகிறது. இதை வெறும் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. சான்று காட்டியே கூறுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தில் கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று நிலத்தின் மேல் நிற்கிறது. அட்லாண்டிக் கடலிலோ வளைகுடா நீரோட்டம் வெப்பத்தையும் ஈரத்தையும் சுமந்து வடக்கே செல்கிறது. இவ்விரண்டும் கரையோரத்தில் சந்திக்கும்போது தாழ்வழுத்த மண்டலம் உருவாகி விரைந்து வலுக்கிறது. வாடை, கொண்டல் என்று காற்றுக்கு அது வரும் திசையைக் கொண்டே நாம் பெயரிடுவதுபோல, வடகிழக்கிலிருந்து வீசும் இப்புயலையும் அம்மக்கள் திசையாலேயே அழைக்கின்றனர். இதில் சினமும் இல்லை, வஞ்சமும் இல்லை. கணக்கு இருக்கிறது, கணக்கு இருப்பதால் முன்னறிவிப்பும் இயலுகிறது.

1978 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. பெரும்பனிப்புயல் வருகிறதென்று வானிலையாளர் முன்பே அறிவித்திருந்தனர். ஆனால் விடியற்காலையில் தொடங்கும் என எதிர்பார்க்கப்பட்ட பனி அந்நேரத்தில் பெய்யவில்லை. அதற்கு முந்தைய சனவரியில் வந்த புயலின் அளவை அவர்கள் குறைத்துக் கணித்திருந்தனர். ஆகவே, ‘இவர்கள் சொல்வது என்றைக்குப் பலித்தது?’ என்ற ஏளனத்திற்கு இடம் இருந்தது. மக்கள் வழக்கம்போல் பணிக்குச் சென்றனர். முற்பகலில் பனி தொடங்கியது. பிற்பகலில் அனைவரும் ஒருசேர வீடு திரும்ப முயன்றனர். பாஸ்டன் நகரைச் சுற்றிச் செல்லும் 128ஆம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 3,000 கார்களும் 500 சரக்குந்துகளும் பனியில் சிக்கின. குளிருக்கு அஞ்சி இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே அமர்ந்திருந்தவர்களில் சிலர், புகைக்குழாயைப் பனி அடைத்துக் கொண்டதால், கார்பன் மோனாக்சைடு நச்சில் மூச்சடங்கினர்.

பாஸ்டனில் பெய்த பனி 27.1 அங்குலம். அமாவாசையை ஒட்டிய கடல் ஏற்றமும் புயலும் சேர்ந்து வந்ததால் ரிவியர், ஹல், சிச்சுவெட் முதலிய கரையூர்களில் வீடுகளை அலைகள் நொறுக்கின. மாண்டோர் ஏறத்தாழ 100 பேர். மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ் சாலைப் போக்குவரத்துக்குத் தடை விதித்தார். அத்தடை ஒரு வாரம் வரை நீடித்தது. நல்ல ஆணைதான். ஆனால் கார்கள் புதைந்த பின்னர் வந்த ஆணை அது! முந்தைய நாள் இரவே அது வந்திருந்தால், அந்நெடுஞ்சாலையில் எத்தனை பேர் சிக்கியிருப்பர்?

இது பின்னறிவு என்று ஒதுக்குவோர்க்கு 2013ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டு பிப்ரவரி 8ஆம் நாள், பெருங்காற்று தாக்குமுன், மாலை 4 மணி முதல் மாசசூசெட்ஸ் சாலைகளில் வாகனங்கள் ஓடக்கூடாதென்று ஆளுநர் டெவல் பேட்ரிக் ஆணையிட்டார். பாஸ்டனில் 24.9 அங்குலம் பனி பெய்தும், 1978இன் நெடுஞ்சாலைக் காட்சி அங்கு மீண்டும் நிகழவில்லை. அதே இரவில், அத்தகைய தடை இல்லாத நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் விடிய விடியப் பனியில் சிக்கிக் கிடந்தன. புயல் ஒன்றே; ஆணை வேறு. இதில் சீற்றம் எங்கே?

மறுப்பு ஒன்று எழும். ‘எச்சரிக்கை பொய்த்தால்? கடைகள் மூடிய இழப்பை யார் ஈடுசெய்வது?’ நேர்மையான கேள்விதான். 2015 சனவரியில் நியூயார்க் நகருக்கு இரண்டு அடிக்கு மேல் பனி என அஞ்சப்பட்டது. சுரங்க இரயிலும் நிறுத்தப்பட்டது. மத்தியப் பூங்காவில் பெய்ததோ பத்து அங்குலத்துக்கும் குறைவு. வானிலையாளர் ஒருவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், நகரம் நகைத்தது. ஆனால் அதே புயல், சிறிது கிழக்கே விலகி, பாஸ்டனில் இரண்டடிக்கு மேலும் வூஸ்டரில் 34.5 அங்குலமும் கொட்டியதை நகைத்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? வீணான எச்சரிக்கையின் விலை ஒரு நாள் வணிகம். வராத எச்சரிக்கையின் விலை உயிர். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பவன் வணிகனாக இருக்கலாம், ஆட்சியாளனாக இருத்தல் ஆகாது.

ஆயினும், அந்த ஒரு நாள் இழப்பு எவர் தலையில் விழுகிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். 2022 திசம்பரில் எரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரை நோக்கிப் பனிப்புயல் வந்தது. தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்று பல நாள் முன்னரே அறிவிக்கப்பட்டது. எனினும் பயணத் தடை நடைமுறைக்கு வந்தது 23ஆம் நாள் காலை 9.30 மணிக்கு. அதற்குள் அன்றாடக் கூலிக்காரர் பணிக்குப் புறப்பட்டுவிட்டனர். எரி மாவட்டத்தில் மட்டும் 47 பேர் மாண்டனர். பஃபலோ நகரில் இறந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். பனி நிறம் பார்த்துப் பெய்வதில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இருந்து கொள்ளலாம்; வேலைக்குச் செல்லாவிடில் கூலி இல்லை என்ற நிலையிலுள்ளவருக்கு எச்சரிக்கை வெறும் ஓசையே. ஆகவே தடை விதித்தல் பாதி அறமே. தடையால் இழக்கும் கூலியை ஈடுசெய்தல் மறுபாதி. இரண்டாவதைச் செய்யாத அரசு, முதலாவதைச் செய்துவிட்டதாகப் பெருமை கொள்வதில் பொருள் இல்லை.

அடுத்த முறை ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதப் பேனா எடுப்போர் ஒரு கணம் நிற்கட்டும். அறிவிப்பு எப்போது வந்தது? ஆணை எப்போது வந்தது? இடைப்பட்ட நேரத்தில் யார் காத்திருந்தார், எதற்காகக் காத்திருந்தார்? இம்மூன்றையும் கேட்டு எழுதட்டும். சீற்றம் ஒன்று தேவைதான். அது புயலுக்கு உரியதன்று. இவற்றைக் கேட்காமல் இறந்தோரை எண்ணிக்கையாக மட்டும் படித்துவிட்டு ஏட்டை மடிக்கும் நம் மனச்சான்றுக்கு உரியது.