எந்த இடருக்கு இந்தக் கூலி?

சிஎஃப்ஏ எனும் நிதித்துறைத் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் ‘பன்காரணி விலைக் கோட்பாடு’ என்று சொன்னால், முதலில் நினைவுக்கு வருவது ஒரு நீண்ட சமன்பாடுதான். மனனம் செய், எண்களைப் போடு, விடையை எடு! இறுதியாண்டு மாணவியான நானும் இப்போது அதைத்தான் படித்துக் கொண்டிருக்கிறேன். ஆனால், இந்தப் பாடத்தைத் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிடக் கூடாது. தமிழில் நம் வீடுகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கோட்பாடு சொல்வது கடினமானதன்று. 1964இல் வில்லியம் ஷார்ப் வெளியிட்ட மாதிரி, ஒரு பங்கில் எதிர்பார்க்கக்கூடிய இலாபத்தைச் சந்தை என்ற ஒரே காரணியோடு இணைத்தது. 1976இல் ஸ்டீபன் ராஸ், காரணிகள் பலவாக இருக்கலாம் என்றார். பணவீக்கம், வட்டி விகிதம், தொழில்துறை உற்பத்தி போன்றவை பெரும்பாலான நிறுவனங்களை ஒருசேர அசைப்பவை. பணத்தைப் பல பங்குகளில் பிரித்துப் போட்டாலும் இவற்றிலிருந்து தப்ப முடியாது. அதனால்தான் இந்த இடரைச் சுமப்பவருக்குச் சந்தை கூலி கொடுக்கிறது. 1993இல் யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் மூன்று காரணிகளை முன்வைத்தனர். 2015இல் அவற்றை ஐந்தாக்கினர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இடரற்ற வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக் கொள்வோம். ஒரு பங்கின் சந்தைப் பீட்டா 1.2, சந்தை இடருக்கான கூலி 5 விழுக்காடு. நிறுவன அளவுக்கான பீட்டா 0.5, அதற்கான கூலி 2 விழுக்காடு. ஆக, 3 + 6 + 1 = 10. ஆண்டுக்கு 10 விழுக்காடு. ஒவ்வொரு விழுக்காடும் எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட முடிகிறது.

இப்போது நம் சமுதாயத்தைப் பாருங்கள். ‘மாதம் 10 விழுக்காடு, போட்ட பணம் போகவே போகாது’ என்று கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வலம்வரும் திட்டங்கள் எத்தனை? இடருமின்றி, கைமுதலுமின்றி இலாபம் தரும் வாய்ப்பு நிலைக்காது என்பதே ராஸ் கோட்பாட்டின் அடித்தளம். அப்படி ஒன்று இருந்தால் பெரிய முதலீட்டாளர்கள் பாய்ந்து அள்ளியிருப்பார்கள். அது நம் சித்தப்பாவைத் தேடி வருவானேன்? ஒன்று, இடர் மறைக்கப்பட்டிருக்கிறது. இல்லையேல், பின்னால் சேர்பவரின் பணம் முன்னால் சேர்ந்தவருக்குப் போகிறது.

முறையான பங்குச் சந்தையிலும் இக்கேள்வி உதவும். 2020இல் கோவிட் காலத்தில் கையுறை நிறுவனப் பங்குகள் பல மடங்கு ஏறின, பின்னர் சரிந்தன. சேமிப்பு முழுவதையும் அந்த ஒரே தொழிலில் போட்டவர் சுமந்தது, பிரித்துப் போட்டிருந்தால் பெரிதும் குறைந்திருக்கக்கூடிய இடர். அத்தகைய இடருக்குச் சந்தை கூலி தருவதில்லை.

‘இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்பர் சிலர். குறை இல்லாமலில்லை. அந்தக் காரணிகள் எவை என்று ராஸின் கோட்பாடு பெயர் சொல்வதில்லை. கணக்கேட்டு மதிப்போடு ஒப்பிடுகையில் மலிவாக விற்கும் பங்குகளுக்கான கூலி, அமெரிக்காவில் 2007க்குப் பின் பல ஆண்டுகள் மெலிந்து கிடந்தது. விடைகள் மாறலாம், கேள்வி மாறவில்லை.

தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று வந்தவள் நான். ‘சிஸ்டமேட்டிக் ரிஸ்க்’ என்றால் என் அம்மாவுக்கு எட்டாது. ‘எல்லாருக்கும் சேர்ந்து வரும் இடர்’ என்றால் உடனே எட்டும். வீட்டுச் சேமிப்பை எங்கே போடுவது என்று முடிவெடுப்பவர் அவர்தானே? அவருக்கு விளக்க முடியாத பாடத்தை நாம் பாதிதான் படித்திருக்கிறோம்.

நிதித்துறையில் பணியாற்றும் முன்னாள் மாணவர்கள் நம் கழகத்தின் வழி ஆண்டுக்கு ஒரு நாளாவது பெற்றோரிடம் தமிழில் பேசலாம். பேங்க் நெகாராவும் பங்குப்பத்திர ஆணையமும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பார்க்கக் கற்றுக் கொடுக்கலாம். சமன்பாடு நமக்குத் தேர்ச்சியைத் தரட்டும். ‘எந்த இடருக்கு இந்தக் கூலி?’ என்று கேட்கும் துணிவு நம் வீட்டாருக்கும் வரட்டும்.