எதைப் படிப்பது? எதை விடுவது?

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி

பொங்கல் கழிந்துவிட்டால் போதும்; பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். "இந்த ஆண்டு எந்தக் கேள்வி வரும்?" என்று உறவினர் கேட்கிறார்கள், அண்டை வீட்டார் கேட்கிறார்கள், பிள்ளையும் கேட்கிறது. "உனக்கு எந்தப் பாடம் தெரியும்?" என்று கேட்பாரை மட்டும் காணோம். பள்ளியைத் தாண்டி வந்துவிட்ட நமக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணலாம். நம் தம்பி தங்கையர் இன்று எதைப் படிக்காமல் விடுகிறார்களோ, அதுதான் நாளை இக்கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் வந்து வழிமறிக்கும். ஆகவே இது நம்முடைய சிக்கலும் ஆகும்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை எடுத்துக்கொள்வோம். பாடங்கள் 12. எழுத்துத் தேர்வுக்கு மதிப்பெண் 90. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழுக்கும், மூன்று மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழுக்கும் விடை எழுதினால் போதும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழும் 'இது அல்லது அது' என்ற முறையில் அமைந்தவை. விடுவதற்கு இடமிருக்கிறது என்று தெரிந்தவுடனே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. பழைய வினாத்தாள்களை அடுக்கிவைத்துச் சோதிடம் பார்க்கிறோம். 'உறுதியாக வரும் வினாக்கள்' என்று கைப்பேசியில் வருவதை எல்லாம் வேதவாக்காகக் கொள்கிறோம். வினாத்தாளை அமைப்பவரோ நம் சோதிடத்தைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதில்லை!

நானும் இந்தச் சோதிடத்தை நம்பியவள்தான். 2023ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் என்னும் பாடத்தை அடியோடு விட்டேன். நல்ல மதிப்பெண்ணே வந்தது. வீட்டில் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில், அலைவு இயக்கம் பற்றிப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய முதற் சமன்பாடே நான் விட்டுவந்த பாடத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவர் முகத்திலும் தெளிவில்லை. அவர்களும் அதே பாடத்தை விட்டவர்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அந்தப் பொங்கல் விடுமுறையில் உறவுக்காரத் தங்கை ஒருத்தியின் பாடநூலை இரவல் வாங்கி, அப்பாடத்தை முதலிலிருந்து படித்தேன். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. சூடான பொருள் ஆறும் வேகத்தைக் கூறும் நியூட்டனின் குளிர்வு விதியைப் பதினோராம் வகுப்பில் நெட்டுருப் போட்டிருந்தேன். கதிரியக்கச் சிதைவு விதியைப் பன்னிரண்டாம் வகுப்பில் நெட்டுருப் போட்டிருந்தேன். இரண்டுக்கும் அடிப்படை, நான் விட்ட அந்த ஒரே பாடம்! ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் விட்டதால் இரண்டை மனப்பாடம் செய்ய நேர்ந்தது. இலாபம் என்று எண்ணியது நட்டமாய் முடிந்தது.

அப்படியானால் எல்லோரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தே ஆகவேண்டுமா? அவ்வாறு கூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவனுக்கு 35 மதிப்பெண் என்பது பெரிய மலை. மெல்லக் கற்போருக்கென்று ஆசிரியர்கள் சில பாடங்களை மட்டும் தேர்ந்து, மாலையிலும் உடனிருந்து படிக்க வைக்கிறார்கள். அந்தத் தொண்டைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தடுமாறுபவனுக்கு ஊன்றுகோலாகத் தந்ததை, நன்றாக நடக்கக்கூடிய நாமும் பிடுங்கி வைத்துக்கொண்டோமே, அதைத்தான் குறை என்கிறேன்.

எதை முதலில் படிப்பது என்பதற்கு என் அனுபவம் காட்டிய வழி எளிது. முதலாவதாக, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்திலும் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். தெரிந்தது, அரைகுறை, தெரியாதது என்று மூன்றாகப் பிரிந்துவிடும். அரைகுறையிலிருந்து தொடங்கினால் விரைவில் பயன் கிட்டும்; ஊக்கமும் பிறக்கும். இரண்டாவதாக, தெரியாதவற்றுள் வேறு பாடங்கள் எதன்மேல் நிற்கின்றனவோ அதற்கு முதலிடம் தர வேண்டும். காலம் போதாமல் ஒன்றை விட்டே தீரவேண்டும் என்றால், எதையும் தாங்கி நிற்காத பாடத்தை விடலாம், அடித்தளத்தை விடலாகாது. மூன்றாவதாக, பழைய வினாத்தாளைப் படித்து முடித்தபின் நம்மைச் சோதிக்கவே கையில் எடுக்க வேண்டும். பாடத்தைக் கழிப்பதற்கு அன்று.

நன்னூலார் கற்கும் முறையைக் கூறும்போது ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுவதும் ஏற்றுக்கொண்டாலும் கால்பங்கு புலமையே கிடைக்குமாம். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும். வரும் வினாவை ஊகிப்பதற்கு அவர் கணக்கில் இடமே இல்லை!

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கும் நோக்கத்தோடு, 2018 மார்ச்சில் முதன்முறையாகப் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் அத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. மாணவரின் சுமை குறைவதை நான் வரவேற்கிறேன். ஆனால் தேர்வு போயிற்று என்பதற்காகப் பாடமும் போய்விட்டால், வகை நுண்கணிதத்தின் தொடக்கமே தெரியாதவர்கள் இங்கே நம் இருக்கைகளில் வந்து அமர்வார்கள்.

எனவே, பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர் சேர்ந்த முதல் இரு வாரங்களில், பள்ளியில் அவர்கள் விட்டுவந்த பாடம் எதுவென்று கேட்டறிந்து, அதை நடத்துங்கள். 'மதிப்பெண் பட்டியலைக் காட்டு' என்று கேட்டால் அது வெளிப்படாது. அன்போடு கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மாணவ நண்பர்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. தை, மாசி மாதங்களில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், நம் ஊர்ப் பள்ளி மாணவர் இருவரோடு அமர்வோம். "எந்தக் கேள்வி வரும், அக்கா?" என்றுதான் அவர்கள் கேட்பார்கள். பொறுமையோடு கேட்டுக்கொள்வோம். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளை அவர்கள் கையில் கொடுப்போம்.