மெயில் வருது... போக மாட்டேங்குதே! கொடைக்கானல் வைஃபையில் என்ன சிக்கல்?

லேப்டாப்போடு கொடைக்கானல் ஏறுகிறவர்கள் இப்போது அதிகம். வட்டக்கானலிலோ பூம்பாறையிலோ ஒரு ஹோம்ஸ்டே, ஜன்னலுக்கு வெளியே மேகம், மடியில் ஆபீஸ் வேலை. யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் போகும். ஆபீஸ் மெயில் மட்டும் முரண்டு பிடிக்கும். அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று சொல்லும். கூடவே, 'இந்தச் சான்றிதழை நம்பலாமா?' என்றும் கேட்கும். அவசரத்தில் பலரும் 'சரி' என்று தட்டிவிடுகிறார்கள். வம்பே அங்குதான். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் வந்து சேர்வது இதே இன்பாக்ஸுக்குத்தானே!

முதலில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள். மெயில் வந்துவிட்டால் ஆப் மீது குற்றமில்லை. விடுதி வைஃபை பல இடங்களில் பிரவுசரில் ஒரு லாகின் பக்கத்தைக் காட்டும். அதை முடிக்காமல் மெயிலைத் திறந்தால், வேறு யாருடைய சான்றிதழோ வந்து நிற்கும். எச்சரிக்கைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். போனில் தேதி தவறாக இருந்தாலும் இப்படி நடக்கும்.

அடுத்தது போர்ட். ஒரே சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் எண் போட்ட ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் வாங்க 993, அனுப்ப 465 அல்லது 587. பழைய செட்டிங்கில் அனுப்பும் கதவு 25 என்று இருக்கும். ஸ்பேம் தொல்லையால் அதைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்துவிட்டன. வருகிற மெயில் வந்து, போகிற மெயில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 465 என்றால் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்', 587 என்றால் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்'. ஜோடி மாறினால் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சில வைஃபைகள் இணையப் பக்கங்களைத் தவிர எல்லாக் கதவையும் மூடிவைக்கும். சில அலுவலகங்களோ, மெயில் சர்வரை வெளியிலிருந்து தொடவே விடாது. அப்போதுதான் 'டன்னல்' தேவை. 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருட, அங்கிருந்த டாட்டு இலோனன் எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். 21-ல் எஃப்டிபி, 23-ல் டெல்நெட் என்று பாஸ்வேர்டை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்த இரண்டுக்கும் நடுவே காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். இன்றும் அதே கதவுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. உங்கள் லேப்டாப்பில் 1993 என்று ஒரு கதவைத் திறந்து, அதில் போடுவதைப் பூட்டிய பெட்டியாக ஆபீஸ் சர்வர் வரை கொண்டுபோய், அங்கே 993-ல் சேர்க்கிறது. ஆனால் மெயில் ஆப்பில் பழைய சர்வர் பெயரையே விட்டுவிட்டால் டன்னல் சும்மா கிடக்கும். அந்த இடத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றும், போர்ட்டில் 1993 என்றும் மாற்ற வேண்டும். அனுப்புவதற்கு இன்னொரு வழி தனியாகப் போட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் 'வருது, போக மாட்டேங்குது' என்று மறுபடி தலையில் கை வைக்கிறார்கள்.

இப்போது சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். ஆப் தேடியது 'லோக்கல்ஹோஸ்ட்', வந்ததோ ஆபீஸ் சர்வரின் பெயர். பெயர் ஒத்துப்போகாததுதான் விஷயம். சான்றிதழில் ஆபீஸ் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துவிட்டு ஏற்கலாம். வேறு பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'சர்வரின் சாவி மாறியிருக்கிறது' என்று எஸ்எஸ்ஹெச் கத்தினாலும் அப்படியே. ஐடி ஆட்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்காமல் மேலே போகாதீர்கள்.

மன்னவனூர், கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் டன்னலும் அறுந்துபோகும். மெயில் ஆப்புக்கு அது தெரியாது, சர்வர் மீது பழி போடும். டன்னலை மறுபடி தொடங்கினால் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்று கேட்கும் வசதி எஸ்எஸ்ஹெச்சிலேயே உண்டு. அதைப் போட்டுவைத்தால், பேசாமல் இருக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் வைஃபைகளில் உதவும்.

ஜிமெயில் ஆப்பில் ஜிமெயில் பார்ப்பவர்களுக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. ஆபீஸ் மெயில்காரர்கள், டன்னலுக்கு அனுமதி உண்டா, அது 22-ல் இருக்கிறதா, 443-லும் கிடைக்குமா என்று வத்தலக்குண்டு தாண்டுவதற்கு முன்பே கேட்டுவைப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் 'கனெக்ட்பாட்' ஆப் மூலம் போனிலேயே டன்னல் போடலாம். திரை அணைந்ததும் அது நின்றுபோனால், பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள்.