வினைகளை விழுங்கும் 'ரன்'

ஆங்கிலத்தில் 'ரன்' எனும் ஒரு சொல்லே பல வேலைகளுக்கு நிற்கும். அதன் வினைப்பொருள்கள் மட்டும் 645 என ஆக்சுபோர்டு அகரமுதலியார் கண்டமை 2011இல் வெளிவந்தது. அஃது அம்மொழியின் இயல்பு, குறை கூறுதற்கில்லை.

தமிழின் இயல்போ வேறு. இங்கு வண்டி ஓடும், ஆறு பாயும், பொறி இயங்கும், மூக்கு ஒழுகும், கடையை நடத்துவர், தேர்தலில் நிற்பர். இவ்வினைகளையெல்லாம் தள்ளிவிட்டு, 'கடையை ரன் பண்ணுகிறார்', 'பொறி ரன் ஆகிறது' என்பது வளமா, வறுமையா? ரகரம் மொழிமுதல் வாராதென்னும் தொல்காப்பிய நெறியும் உடன் சிதைகின்றது.

'ஓடு' என்னும் வேரும் வலுவிழந்ததன்று. ஓடை, நீரோட்டம், தேரோட்டம் யாவும் அதன் கிளைகள். புதுப் பொறியை முதன்முதல் இயக்கிப் பார்ப்பது வெள்ளோட்டம். பிறர்பால் கண்ணோடும் அருளைக் கண்ணோட்டம் என வள்ளுவர் பத்துக் குறட்பாக்களில் பாடினார்.

இரவற்சொல் தனியே வருவதில்லை. 'பண்ணு', 'ஆகு' என்னும் இரண்டையே துணைக்கழைத்து, ஏனைய வினைகளை வழக்கிலிருந்து விரட்டுகின்றது. பெயர்ச்சொல் போயின் மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். வினைச்சொற்கள் மாண்டபின் தமிழுக்கு உயிர்ப்பு ஏது? பொறியை இயக்குக! கடையை நடத்துக! தமிழும் வாழும்.