ஒருநாள்தானே என்பவர்களுக்கு

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, நான்காம் ஆண்டு மாணவர்களைத் ‘தீபாவளித் திருநாள்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் புத்தாடை, முறுக்கு, உறவினர் வருகை என்று எழுதிக்கொண்டே வந்து, நடுவில் ‘பட்டாசு சத்தத்தில் எங்கள் நாய் சங்கிலியோடு வேலியைத் தாண்டிக் குதித்து, தொங்கி இறந்துவிட்டது’ என்று ஒரு வரி எழுதியிருந்தான். அடுத்த வரியில் மறுபடியும் பலகாரம் வந்துவிட்டது. நானோ, விடுபட்ட ‘ச்’ஐச் சிவப்பு மையால் சேர்த்துவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தேன். இது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

இதைப் பெற்றோரிடம் பேசினால், “ஆண்டுக்கு ஒருநாள்தானே ஐயா, நாய்க்குப் பழகிவிடும்” என்கிறார்கள். பழகுவதில்லை. வெடிச்சத்தத்திற்கு அஞ்சும் நாய்கள் பலவற்றுக்கு அந்த அச்சம் ஆண்டுக்காண்டு கூடவே செய்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் செவி 40,000க்கும் மேல், பூனையின் செவி 60,000க்கும் மேல். திரியைப் பற்றவைப்பவனுக்கு வெடி எப்போது வெடிக்கும் என்று தெரியும், நாய்க்குத் தெரியாது.

“சீனப் புத்தாண்டுக்கு மற்றவர்கள் வெடிக்கவில்லையா?” என்பது அடுத்த கேள்வி. வெடிக்கிறார்கள், நோன்புப் பெருநாளுக்கும் வெடிக்கிறார்கள். அப்படியானால் ‘ஒருநாள்தானே’ என்ற வாதம் என்னவாயிற்று? பண்பாடு என்பாரும் உண்டு. தீபாவளி என்றால் விளக்குகளின் வரிசை என்று வகுப்பில் பொருள் சொல்பவர்கள் நாம்தாம். அந்தச் சொல்லில் சத்தம் எங்கே இருக்கிறது?

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் நம் வீட்டுப் பின்புறத்தில் கட்டிக் கிடக்கும் நாயைச் சட்டம் வந்து அவிழ்த்துவிடாது.

ஆகவே பெற்றோர்களே, பொழுது சாயுமுன் நாயை நடக்க அழைத்துச் சென்று, உணவும் கொடுத்துவிடுங்கள். பிறகு உள்ளறையில் விட்டுத் திரைச்சீலையை மூடி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். நடுங்கும் நாயை அணைத்தால் அச்சம் வளரும் என்பது தவறு, தாராளமாக அணைக்கலாம். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். விருந்தினர் வாயிற்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது நம் வீடுகளில் புதிதன்று. இலட்டிலுள்ள உலர்திராட்சை, சாக்லெட், வெங்காயம் போட்ட கறிக்குழம்பு, வெந்த கோழி எலும்பு ஆகிய எதையும் ‘பாவம், அதற்கும் தீபாவளி’ என்று போடாதீர்கள். மனித மாத்திரை வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமோல் பூனையைக் கொன்றுவிடும். மிகவும் அஞ்சும் விலங்காயின் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

சக ஆசிரியர்களே, நன்னெறிப் பாடத்தில் உயிர்களிடத்து அன்பு பற்றிப் பேசிவிட்டு, விடுமுறைக்கு முந்திய நாளில் வெடியைப் பற்றி வாய்திறவாமல் மாணவர்களை அனுப்பிவைக்கிறோம். ஐந்து நிமிடம் போதும், சொல்லியனுப்பலாம்.

நாயை உள்ளே விட்டால் தரை அழுக்காகும் என்று ஒரு தாயார் சொன்னார். ஆகும்தான். மறுநாள் கழுவிவிடலாம்.