தொண்டையிற் பல்லுடைய குலம்

பாடசாலை விட்டு லயத்துக்குத் திரும்பும் பிள்ளைகள் ஓடையைக் கண்டால் எளிதிற் கடந்து போவதில்லை. பழந்துணியின் முனைகளை இருவர் பிடிக்க, மூன்றாமவன் கல்லைப் புரட்ட, சிறிது நேரத்திற் போத்தலுக்குள் நாலைந்து மீன்கள் நீந்தத் தொடங்கும். இவை யாவை என்று வினவினால், "கெண்டைக் குஞ்சு" என்று விடை வரும். அவ்விடை பெரும்பாலும் சரியே. ஆனால், எந்தக் கெண்டை என்று மேலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், கற்றறிந்த விலங்கியலாரும் இருநூறு ஆண்டுகளாகத் தடுமாறி வந்த கதை ஒன்று விரியும்.

கெண்டைக் குலத்தின் பொது அடையாளத்தை அறிய நுவரெலியா நல்ல இடம். தூண்டில் விளையாட்டுக்கென்று ஆங்கிலத் துரைமார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொணர்ந்த டிரவுட் மீன் அங்கு உண்டு. பின்னர் வந்து சேர்ந்த ஐரோப்பியப் பெருங்கெண்டையும் உண்டு. டிரவுட்டின் வாயில் விரலை வைத்தால் கூரிய பற்கள் தைக்கும். முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் இடையே அதற்குக் கதிரில்லாத சிறு சதைச் செட்டை ஒன்றும் இருக்கும். கெண்டைக்கு இவ்விரண்டும் இல்லை. அதன் வாய் முற்றும் பொக்கை.

பொக்கை வாய் எவ்வாறு இரையை அரைக்கிறது? கெண்டைக்குப் பல் தொண்டையில் இருக்கிறது. செவுள்களைத் தாங்கும் எலும்பு வளைவுகளுள் கடைசியானது செவுளைத் துறந்து பற்களைத் தாங்கி நிற்கிறது. அப்பற்கள் மண்டையோட்டின் அடியிலுள்ள கடினமான திண்டோடு உராய்ந்து இரையை அரைக்கின்றன. பல் போன பாட்டி வெற்றிலை பாக்கைச் சிற்றுரலில் இடித்துக்கொள்வது போலத்தான். இரைப்பையும் கெண்டைக்கு இல்லை. அரைபட்டது நேரே குடலுக்குச் செல்கிறது. பாசி தின்னும் இனங்களில் அக்குடல் மிக நீண்டு, சுருள் சுருளாய் மடிந்து கிடக்கும்.

இதனினும் வியப்பானது அதன் செவி. ஜெர்மனிய உடற்கூற்றறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹைன்றிச் வெபர் 1820இல் ஒரு செய்தியை வெளியிட்டார். கெண்டையின் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே, முதுகெலும்பின் முன்கணுக்களிலிருந்து உருவான சிற்றெலும்புகள் பக்கத்துக்கு நான்காகச் சங்கிலிபோல் அமைந்துள்ளன. நீரில் எழும் ஒலியாற் காற்றுப்பை அதிர்கிறது. அவ்வதிர்ச்சியை எலும்புச் சங்கிலி செவிக்குக் கடத்துகிறது. கரையில் நாம் காலடி வைத்ததும் மீன்கூட்டம் கலைவதற்கு இக்கூர்ஞ்செவியும் ஒரு காரணம். கெளிற்றுக்கும் இவ்வெலும்புகள் உண்டாதலால் அது கெண்டைக்குத் தூரத்து உறவு. டிரவுட்டுக்கு இல்லை.

நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இப்பெருங்குலத்தைப் பிரித்தறிவதற்கு நிறத்தை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். களனி கங்கையின் மேற்பகுதி ஓடைகளில் மூன்று கருங்கோடுகளுடன் ஓர் அழகிய சிறுகெண்டை வாழ்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் தலைப்பக்கம் செக்கச் சிவந்துவிடும். சிங்கள மக்கள் இதற்கு இட்ட பெயர் 'புலத் ஹப்பயா'. வெற்றிலை சப்புபவன் என்பது பொருள். பெண்மீனோ மங்கலாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் வெவ்வேறு இனமென்றே முதற் பார்வையிற் சொல்வோம்.

இம்மீனை 1868இல் குந்தர் என்னும் அறிஞர் 'பார்பஸ்' என்ற பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் 'புன்டியஸ்' என்றனர். கங்கையாற்று மீன்களை ஆராய்ந்த ஹமில்டன், வங்காளியரின் 'புண்டி' என்ற சொல்லிலிருந்து 1822இல் ஆக்கிய பெயர் அது. காலப்போக்கிற் சிறுகெண்டைகள் யாவும் அந்த ஒரே மூட்டையிற் கட்டப்பட்டன. 2012இல் றொஹான் பெத்தியாகொடவும் அவர்தம் துணைவரும் அம்மூட்டையை அவிழ்த்தனர். வாயோரத்து மீசை எத்தனை, முதுகுச் செட்டையின் முன்முள் வழுவழுப்பானதா, அரம்போற் பல்வரிசை உடையதா என்பன அவர்கள் பார்த்தவற்றுள் முக்கியமானவை. நான்கு மீசையும் அரமுள்ளும் உடையவை 'சிஸ்டோமஸ்'. மேல்தாடையோரத்து மீசை ஒரு சோடியும் வழுவழுப்பான முள்ளும் கொண்டவை பெரும்பாலும் 'புன்டியஸ்' என்றே நின்றன. அரமுள் இருந்தும் மீசை மிகச் சிறுத்தோ இல்லாமலோ இருப்பவை 'பெத்தியா' ஆயின. சிறுகெண்டையைக் குறிக்கும் சிங்களச் சொல்லே பெத்தியா. நம் வெற்றிலை சப்பி இவ்வகையிற் சேர்ந்தது. மூன்றாவது பெயரைப் பெற்ற அதற்கு இது பற்றி ஒன்றும் தெரியாது.

இனி, உறுப்பைப் பார்த்து அறிந்தால் மட்டும் போதுமா? எந்த ஆற்று மீன் என்பதும் தெரிந்தாக வேண்டும். டிக்கோயா, நோர்வூட் பக்கத்து நீர் காசல்றீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கையாகிக் கொழும்புப் பக்கம் கடலிற் கலக்கிறது. நானுஓயா நீர் கொத்மலை ஓயாவைச் சேர்ந்து மகாவலியாகித் திருகோணமலைப் பக்கம் போகிறது. இடையில் ஒரு மலைமுகடுதான். தேயிலைக் கூடையோடு அதை ஒருவர் கடந்துவிடலாம்; மீன் கடக்க இயலாது. ஆகவே முகட்டின் இருபுறமும் வெவ்வேறு மீன்கள் வாழ்கின்றன.

தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளுக்கே உரிய சிறுமீன் ஒன்றுக்கு 1930இல் தெரணியகல, ஹல் மரத்தின் பூவை நினைந்து 'வற்றெறிபுளோறிஸ்' என்று பெயரிட்டார். காடு அழிவதால் இம்மீனும் அழியுமோ என்ற அச்சத்தினால், இதனையும் வேறு சில உள்நாட்டு மீன்களையும் 1980களிற் கினிகத்தேனைக்கருகே மகாவலியைச் சேரும் ஓடையொன்றில் விட்டனர். அவை அங்கு நிலைத்தன. எறிக் விக்கிரமநாயக்க 1990இல் அதன் விளைவுகளை வெளியிட்டார். எழுதி வைத்தபடியால் அம்மீன்கள் வந்த வழி தெரிந்தது. இவ்வாறு எழுதாமல் விடப்பட்டவையும் உண்டு. இறக்குவானை மலைப்பக்கத்திற் கண்ட இதன் உறவினம் ஒன்று 2013இற் புதிய இனமென அறிவிக்கப்பட்டது. 2018இல் ஹிரண்ய சுதசிங்கவும் பிறரும் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டபோது, முன்பே அறிந்த இனமொன்றை யாரோ அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. நான்கு இனம் என்று எண்ணியிருந்தவை இரண்டாகக் குறைந்தன.

பதிவில்லாது இடம் மாறியோரின் ஊரை நிச்சயிக்கும் வழக்கு மலையகத்துக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் பிறப்புச் சான்று தேடி நம்மவர் பட்ட பாடு பெரிது. மீனுக்கோ சான்று அதன் உயிரணுவிலேயே இருந்தது.

போத்தலில் உள்ள மீனை ஈரக் கையாலன்றித் தொடாதீர்கள். உருப்பெருக்குக் கண்ணாடியால் மீசையை எண்ணுங்கள்; முதுகு முள்ளைப் பாருங்கள்; ஓடையின் பெயரையும் தேதியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர், பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். டிக்கோயாவிற் பிடித்ததைக் கொட்டகலையில் விட்டால், களனி மீன் மகாவலிக்குக் குடிபெயர்ந்துவிடும். முப்பது ஆண்டு கழித்து வரும் அறிஞர் ஒருவர் அதற்குப் புதுப்பெயர் சூட்டிவிட்டுப் போவார்.